உருண்டைக்கு என்ன விரிப்பது?

போன இதழில் ஹாஸ்டல் பூனைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்ததல்லவா? அதைப் படித்துவிட்டு என் பெஞ்ச்மேட் கேட்டான். "நீ பாம்பு வளர்த்தவன்தானே, நீயும் ஒண்ணு எழுதேன்டா." முதலிலேயே ஒரு திருத்தம். நான் பாம்பு வளர்த்தவன் இல்லை. அத்தை பையனின் பாம்பை 45 நாள் பார்த்துக்கொண்டவன். அந்த 45 நாளில் நன்றாக இருந்த பாம்பை நோயாளியாக்கித் திருப்பிக் கொடுத்தவன். ஆகவே இந்த விஷயத்தில் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பாம்பு என்றதும் பதறாதீர்கள். அது பால் பைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, விஷமில்லாத, மலைப்பாம்புக் குடும்பத்தில் ஒரு சின்ன ஆள். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். பேர்க் காரணம் அதுதான். அத்தை பையன் அதற்கு வைத்த பேர் உருண்டை. அத்தை அதை "அந்தச் சனியன்" என்றுதான் சொல்வார். ஆனால் கரண்ட் போனால் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது அதன் பெட்டியைத்தான்.

நம் கல்லூரியிலும் இந்த ஆசை மெதுவாகப் பரவுகிறது. ப்ளேஸ்மென்ட் கிடைத்த குஷியில் பைக் வாங்குகிற காலம் போய், "மச்சி, ஒரு ஸ்நேக் வாங்கலாம்னு இருக்கேன்" என்கிற காலம் வந்துவிட்டது. இந்த செமஸ்டரில் மட்டும் 3 பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். மூவரும் கேட்டது ஒரே கேள்வி. "பெட்டிக்குள்ள கீழ போடறதுக்கு எந்த பெட்டிங் பெஸ்ட்?"

கடையில் பெட்டிங் என்பார்கள். நாலு வீடியோ பார்த்தவர்கள் சப்ஸ்ட்ரேட் என்பார்கள். நான் விரிப்பு என்றே எழுதுகிறேன். அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. எந்த விரிப்பு பெஸ்ட் என்று கேட்பது, எந்தச் சட்டை பெஸ்ட் என்று கேட்பது மாதிரி. ஊட்டியிலா, வேலூரிலா? மே மாதமா, மார்கழியா? அதைச் சொல்லாமல் என்ன பதில் சொல்வது?

உருண்டை ஒரே பாம்பு. அது இரண்டு ஊரில், இரண்டு விரிப்பில், நேரெதிரான இரண்டு காரணத்தால் அவதிப்பட்டது. அந்தக் கதையைச் சொன்னால் என் கட்சி உங்களுக்குப் புரியும்.

முதல் ஊர் கோயம்புத்தூர். அத்தை பையன் உருண்டையை வாங்கியபோது கையில் இருந்த காசு முழுக்கப் பாம்புக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் போய்விட்டது. விரிப்புக்கு என்ன செய்வது? தெருமுனையில் மர அறுவை மில். மூட்டை மூட்டையாக மரத்தூள் சும்மா கிடைத்தது. வாசனையாக, பொன்னிறமாக, போட்டோவில் பிரமாதமாக இருந்தது. கொண்டுவந்து 2 அங்குலத்துக்குக் கொட்டிவிட்டான்.

மில் மரத்தூளில் முதல் சிக்கல், அது என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது. காலையில் தேக்கு அறுப்பார்கள், மதியம் பேக்கிங் பெட்டிக்கு வந்த பைன் அறுப்பார்கள். பைன், தேவதாரு மாதிரி மரங்களின் அந்த "ஆஹா" வாசனையே எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள்தான். மூடிய பெட்டிக்குள் ராப்பகலாக அதைச் சுவாசிக்கிற பிராணிக்கு மூச்சுக்குழல் எரிச்சல்தான் மிச்சம். தேவதாரு வகை மரத்தூளை ஊர்வனவற்றுக்குப் போடவே கூடாது என்பதில் வளர்ப்பவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. அதோடு கரையானுக்காக மரத்தில் என்ன மருந்து அடித்தார்கள் என்பதும் தெரியாது. தூசி வேறு.

ஆனால் உருண்டையை அடித்தது இதெல்லாம் இல்லை. வறட்சி. பிப்ரவரி, மார்ச்சில் கோவைப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும், மதியக் காற்று உதட்டை வெடிக்க வைக்கும். அந்தக் காற்றில் காய்ந்த மரத்தூள் என்ன செய்யும்? பெட்டிக்குள் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து உருண்டை சட்டை உரிக்கத் தயாரானது.

ஒழுங்காக ஈரம் இருந்தால் பாம்பு சட்டை உரிப்பது பார்க்கவே அழகு. சில நாள் முன்பே கண் பால் விட்ட மாதிரி நீலம் பாய்ந்துவிடும். பிறகு தெளியும். அப்புறம் மூக்கை எதிலாவது தேய்த்து, உதட்டோரம் கிழித்து, சாக்ஸைக் கழற்றுகிற மாதிரி உள்பக்கம் வெளியே வர முழுசாகக் கழற்றிப் போட்டுவிடும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில் மூடியிருக்கும். அதுவும் சட்டையோடு சேர்ந்து வந்துவிட வேண்டும். உருண்டைக்கு வரவில்லை. சட்டை துண்டு துண்டாகப் பிய்ந்தது. ஒரு கண்ணில் பழைய மூடி அப்படியே நின்றுவிட்டது. வால் நுனியில் ஒரு வளையம் இறுகிக்கொண்டது. அத்தை பையன் அதைக் கவனிக்கவே இல்லை. கவனித்தபோது நுனி கறுத்திருந்தது. விரலில் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றி மறந்துவிட்டால் என்ன ஆகும்? ரத்தம் ஓடாமல் அந்த நுனி செத்துவிட்டது. இன்றைக்கும் உருண்டையின் வால் கொஞ்சம் மொட்டை.

கண் மூடியை இவன் கையால் எடுக்கப் போனானாம். நல்லவேளை, கால்நடை மருத்துவர் தடுத்தார். பிய்த்தால் கீழே இருக்கிற புதுச் செதிலும் சேர்ந்து போய்விடும். ஈரத் துணி போட்ட டப்பாவுக்குள் கொஞ்ச நேரம் விட்டு, பெட்டியின் ஈரத்தைக் கூட்டி, அடுத்த சட்டையோடு வரட்டும் என்று காத்திருந்தார்கள். வந்தது.

அதன்பிறகு அவன் திருந்திவிட்டான். திருந்தியவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தான். எனக்கு 2 மணி நேரம் கிளாஸ் எடுத்தான். "ஈரப்பதம் 60 பர்சென்ட்டுக்குக் கீழ இறங்கவே கூடாதுடா." அந்த ஒரு வரி மட்டும் என் மண்டையில் ஏறிவிட்டது.

இரண்டாவது ஊர் சென்னை. போன நவம்பரில் கம்பெனிப் பயிற்சிக்காக அவன் வெளிநாடு போனான். எலி போடுகிற வேலையை மட்டும் செத்தாலும் செய்ய மாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டார். ஃப்ரீசரில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் எலி இருப்பதையே அவர் சகித்துக்கொண்டது பெரிய விஷயம். ஆகவே காரில் பெட்டியோடு உருண்டை என் ரூமுக்கு வந்து சேர்ந்தது. வேளச்சேரிப் பக்கம், தரைத்தளம், சுவரில் உப்புப் பூத்த ரூம். ஹவுஸ் ஓனரிடம் "டெர்ரேரியம் ப்ராஜெக்ட்" என்று சொல்லியிருந்தேன். அவரும் செடி என்று நினைத்துக்கொண்டார். தப்புதான்.

பெட்டிக்குள் வெறும் பேப்பர் விரித்துக் கொடுத்திருந்தான். "இதுவே போதும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்து" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய நாளிதழ் மேல் படுத்திருக்கிற பாம்பு பாவமாகத் தெரிந்தது. யூடியூப்பில் ஓர் அமெரிக்கர் 4 அங்குலத்துக்குத் தென்னை நார்த்தூள் கொட்டி, தண்ணீர் ஊற்றி, பாசி வைத்து, காடு மாதிரி செட் செய்திருந்தார். நானும் நர்சரியில் ஒரு கட்டி கோகோபீட் வாங்கி, பக்கெட்டில் ஊறவைத்து, அது பொங்கிவந்த சந்தோஷத்தில் அப்படியே அள்ளிப் பெட்டியில் நிரப்பினேன். ஈரப்பதமானி 90-ஐத் தாண்டியது. 60-க்கு மேல்தானே சொன்னான், 90 என்றால் டிஸ்டிங்ஷன் என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம். எலி போட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கிப் பார்த்தால் அடிவயிற்றுச் செதில்களில் செம்பழுப்புத் திட்டு. சில இடத்தில் கொப்புளம். தண்ணீரில் ஊறிய கால் மாதிரி ஒரு மெத்து. இதற்குச் செதில் அழுகல் என்று பேர். ஈரத்திலும் அழுக்கிலும் நாள்கணக்காகக் கிடந்தால் செதிலுக்குள் கிருமி புகுந்துவிடும். முற்றினால் ரத்தத்தில் கலந்து ஆளையே கொன்றுவிடும். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "எவ்வளவு நாளா சேத்துல வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். ஊசி, காயத்துக்கு அயோடின் மருந்து. அவர் எழுதிக்கொடுத்த விரிப்பு என்ன தெரியுமா? வெறும் பேப்பர்.

எங்கே தப்பு நடந்தது? நாம் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள், இதையாவது கணக்காகப் பார்ப்போம்.

அந்த அமெரிக்கர் வீட்டில் குளிர்காலம். ஹீட்டர் ஓடுகிறது. அறைக் காற்று வறண்டு கிடக்கிறது. பெட்டியின் மேல்பக்கம் வலை. கீழே எவ்வளவு ஊற்றினாலும் ஆவியாகி மேலே போய்க்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழைச் சென்னையில் அறைக் காற்றே ஏற்கெனவே தண்ணீரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. ஜீன்ஸ் துவைத்தால் 3 நாளாகியும் காயாத ஊர் இது. வெளியே போக இடமில்லாத ஈரம் எங்கே போகும்? விரிப்பிலேயே நிற்கும். நார்த்தூள் தன் எடையைப் போல் 6 முதல் 8 மடங்கு தண்ணீர் பிடிக்கும். அதன் மேல் 24 மணி நேரமும் வயிற்றை வைத்துப் படுத்திருக்கிற பிராணிக்கு அது மெத்தை இல்லை, சேறு.

பால் பைத்தான் அதன் சொந்த ஊரில் பகலைக் கழிப்பது எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும். வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும். ஆனால் மண் ஒட்டாது. அதற்கு வேண்டியது அதுதான், மூக்குக்கு ஈரம், வயிற்றுக்கு உலர்வு. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டியது விரிப்பின் வேலை. கோவை மரத்தூள் இரண்டையும் உலர்த்தியது. என் கோகோபீட் இரண்டையும் நனைத்தது.

இதையெல்லாம் மீறி, நம் ஊரில் பால் பைத்தானுக்கு என்ன போடலாம் என்று என்னை மடக்கிக் கேட்டால், தென்னைதான் என்பேன். என்னைக் கவிழ்த்த அதே தென்னை. பொள்ளாச்சிப் பக்கம் போனால் நார் மில்களுக்கு வெளியே மலை மலையாக நார்க்கழிவு கிடக்கும். ஒரு காலத்தில் அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கொளுத்தினார்கள். இன்று அதையே கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறோம். வெளிநாட்டுப் பெட் ஷாப்பில் ஊர்வன விரிப்பு என்று பளபள கவரில் விற்கிற தென்னைக் கட்டி பெரும்பாலும் இந்தியாவில் இருந்தோ இலங்கையில் இருந்தோ போனதுதான். அதே கவரை நாம் இறக்குமதி விலை கொடுத்து வாங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் நர்சரியில் வாங்கும்போது கண் வேண்டும். நர்சரிக்காரர் செடிக்காக விற்கிறார், பாம்புக்காக இல்லை. பாட்டிங் மிக்ஸ் என்று கொடுப்பதில் உரம், வேப்பம் புண்ணாக்கு, வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட் எல்லாம் கலந்திருக்கும். வேண்டாம். கால்சியம் நைட்ரேட் கலந்து பதப்படுத்திய கட்டியும் உண்டு, செடிக்கு நல்லது, நமக்கு வேண்டாம். எதுவும் கலக்காத, கழுவிய நார்த்தூள் என்று கேட்டு வாங்குங்கள். கழுவிய என்பது முக்கியம். மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. உவர்நீரில் ஊறவைத்த மட்டை என்றால் உப்பு இன்னும் கூடும். வாங்கிய கட்டியை வீட்டில் இன்னும் 2, 3 தண்ணீர் அலசிவிடுங்கள். டீ டிகாஷன் மாதிரி ஒரு நிறம் இறங்கும். அது வெளுக்கும்வரை அலசினால் தூசியும் சேர்ந்து போகும். சந்தேகப் பேர்வழிகள் அலசிய தண்ணீரை எடுத்துக்கொண்டு சிவில் டிபார்ட்மென்ட் லேபுக்குப் போகலாம். கண்டக்டிவிட்டி மீட்டர் அங்கே சும்மாதான் இருக்கிறது.

நார்த்தூளைவிட மட்டைத் துண்டு எனக்குப் பிடித்திருக்கிறது. தேங்காய் மட்டையை விரல் நக அளவுக்கு வெட்டி விற்பார்கள், ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வாங்குவார்கள். துண்டுகளுக்கு நடுவே காற்று ஓடும். தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு மேல்பக்கம் சீக்கிரம் உலர்ந்துவிடும். இப்போது அத்தை பையன் செய்வது, அடியில் கொஞ்சம் நார்த்தூள், மேலே 2, 3 அங்குலம் மட்டைத் துண்டு. தண்ணீரை மேலே ஸ்ப்ரே அடிப்பதில்லை. பெட்டியின் மூலையில் ஒரு டம்ளர் ஊற்றுவான். அது அடிக்கு இறங்கி, மெதுவாக ஆவியாகி மேலே வரும். படுக்கிற இடம் காய்ந்திருக்கும், காற்று ஈரமாக இருக்கும். எவ்வளவு ஈரம் என்பதற்கு அவன் வைத்திருக்கிற அளவுகோல் நம் அம்மாக்கள் புட்டு மாவுக்கு வைத்திருப்பதுதான். பிடித்தால் பிடிபட வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மழைக்காலத்தில் அந்த டம்ளரும் கிடையாது.

இதுவும் பால் பைத்தானுக்கு மட்டும். கார்ன் ஸ்நேக் வேறு சாதி. அமெரிக்காவின் தென்கிழக்கில் இருந்து வந்தது, கொஞ்சம் உலர்வாகவே இருக்கலாம், சுரங்கம் போட்டுக்கொண்டு உள்ளே கிடக்கப் பிடிக்கும். அங்கே அதற்கு ஆஸ்பன் மரச் சீவல் போடுகிறார்கள், சுரங்கம் இடியாமல் நிற்கும். ஆனால் நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். நம் கடற்கரை ஊர்களுக்கு அது எப்படி ஒத்துவரும் என்று நீங்களே யோசியுங்கள்.

மணல்? ரீல்ஸில் வெள்ளை மணல், நீல எல்இடி, நடுவில் பாம்பு, ஏ.ஆர். ரஹ்மான் பிஜிஎம் என்று வருகிறதே, அதைப் பார்த்து மணல் கொட்டாதீர்கள். தென்னைக்குச் சொன்னதைவிடக் கோபமாகச் சொல்கிறேன். ஈரத்தைப் பிடிக்காது. எலியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனால் குடலை அடைத்துக்கொள்ளும். கடற்கரை மணல் என்றால் உப்பு வேறு. மணலில் புதைந்து வாழ்கிற பாம்புகள் உண்டு, அவற்றுக்கு அது சரி. பெட்டியில் இருப்பது எது என்று பார்த்துத்தானே கொட்ட வேண்டும்? எந்த விரிப்பாக இருந்தாலும் இரையைத் தட்டில் வைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம்.

பேப்பரைக் கேவலமாக நினைத்த பாவத்துக்கு இப்போது அதற்கு வக்காலத்து வாங்குகிறேன். புதிதாக வந்த பாம்புக்கு முதல் சில வாரம் வெள்ளை டிஷ்யூ பேப்பர்தான் விரிக்க வேண்டும். பாம்புப் பேன் என்று ஒன்று உண்டு, மிளகுப் பொடி அளவு, செதிலுக்கு அடியில் ஒளிந்து ரத்தம் குடிக்கும். மட்டைத் துண்டில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. வெள்ளைப் பேப்பரில் கறுப்புப் புள்ளியாக ஓடும்போது மாட்டிக்கொள்ளும். கழிவு எப்படி இருக்கிறது, அதில் ரத்தம் இருக்கிறதா, எல்லாம் தெரியும். நோயாளிப் பாம்புக்கும் அதே. அழகில்லைதான். ஆஸ்பத்திரி பெட்ஷீட்டும் அழகில்லை.

ஒரு எச்சரிக்கை. விரிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் சூட்டைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறார்கள். பெட்டிக்கு அடியில் ஹீட் மேட் ஒட்டிவிட்டு அதன் மேல் 4 அங்குலம் தென்னை போட்டால் என்ன ஆகும்? தென்னை நல்ல வெப்பக் காப்பான். சூடு மேலே வராது. மேலே வைத்த தெர்மாமீட்டர் குளிர் என்று காட்டும். நீங்கள் இன்னும் கூட்டுவீர்கள். குளிரெடுத்த பாம்பு தோண்டிக்கொண்டு கீழே போய்ச் சூடான கண்ணாடியில் வயிற்றை வைக்கும். நாம் சுட்டதும் துள்ளி விலகுகிற மாதிரி அது சட்டென்று விலகாது. வெந்துவிடும். ஹீட் மேட் வைத்தால் தெர்மோஸ்டாட் கட்டாயம், அதன் சென்சார் மேட்டின் மேலேயே இருக்க வேண்டும், விரிப்பு மெல்லிசாக இருக்க வேண்டும். உண்மையில் நம் ஊரில் ஆண்டின் பாதி நாள் ஹீட்டரே வேண்டாம். மே மாதம் எப்படிக் குளிர்விப்பது என்பதுதான் கவலை.

உருண்டையைத் திருப்பி அனுப்பிய பிறகு, ஒரு குற்ற உணர்ச்சியில், நண்பர்களோடு ஈசிஆரில் வடநெம்மேலிக்குப் போனேன். முதலைப் பண்ணைக்குப் பக்கத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலின் விஷத்தை எடுத்து விஷமுறிவு மருந்து தயாரிக்கக் கொடுக்கிறார்கள். சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். எதில் வைத்திருக்கிறார்கள்? மண்பானை. உள்ளே மணல். வாயில் பருத்தித் துணி கட்டு. அவ்வளவுதான்.

நான் அந்தப் பானையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுட்ட மண் மூச்சு விடும், துணி மூச்சு விடும். உள்ளே இருட்டு, ஒடுக்கம், பாம்புக்கு அது வளை மாதிரி. எலும்பு வரை தெரிந்தவர்கள் வைத்த ஏற்பாடு அது. உடனே பானை வாங்க ஓடாதீர்கள். அது சில வாரத்துக்கான தங்கல், 20, 30 வருஷம் வாழப்போகிற வீட்டுக்கு அது பொருந்தாது. மணலைத் திட்டிவிட்டு இங்கே மணலைப் பாராட்டுகிறானே என்றும் கேட்காதீர்கள். எந்தப் பாம்பு, எந்த ஊர், எத்தனை நாள் என்ற மூன்றையும் பார்த்து விரித்த விரிப்பு அது. கிண்டி பாம்புப் பண்ணைக்குச் சின்ன வயதில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், கண்ணாடிக்குப் பின்னால் பாம்பை மட்டும் தேடுவேன். இப்போது போனால் முதலில் கண் தரைக்குப் போகிறது.

இதை எழுதுகிறேன் என்றதும் எங்கள் ஆசிரியர் குழுவில் ஒரு ஜூனியர் கேட்டாள், "அண்ணா, இதைப் படிச்சிட்டு நாலு பேர் பாம்பு வாங்கிட்டா?" நியாயமான கேள்வி. சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு, மண்ணுளி என்று நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தோட்டத்தில் வந்தது, பாவமாக இருந்தது என்ற கதையெல்லாம் எடுபடாது. இருதலைப் பாம்பு அதிர்ஷ்டம் என்று யாராவது பேரம் பேசினால் ஓடிவிடுங்கள். பால் பைத்தான் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால் 2024 விதிகளின்படி பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். கை மாறினாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். அத்தை பையன் பதிந்திருக்கிறான்.

பதியாமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியைத் திறந்தால் 47 மலைப்பாம்புகள், 2 பல்லிகள். சின்னச் சின்ன டப்பாக்களில். அந்தச் செய்தியை அப்போது "ஐயோ பாம்பா" என்று படித்தேன். உருண்டைக்குப் பிறகு திரும்பப் படித்தபோது, அந்த டப்பாவுக்குள் கீழே என்ன போட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றியது.

ஆகவே அந்த 3 பேருக்கும் நான் சொன்ன பதில் இதுதான். பாம்பு வாங்கும் முன்னால் பெட்டியை மட்டும் வாங்குங்கள். நீங்கள் நினைத்த விரிப்பைப் போடுங்கள். ஓர் ஈரப்பதமானி, சில நூறு ரூபாய்தான், உள்ளே வையுங்கள். ஒரு மாதம் காலையிலும் இரவிலும் குறித்துவையுங்கள். ஏசி போட்ட இரவு என்ன காட்டுகிறது, மழை பெய்த நாள் என்ன காட்டுகிறது, ஊருக்குப் போய் 4 நாள் கழித்து வந்தால் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். காலிப் பெட்டியை ஒரு மாதம் பார்த்துக்கொள்ளப் பொறுமை இல்லாதவர் 20 வருஷம் பாம்பைப் பார்த்துக்கொள்ள மாட்டார். இருவர் இதைக் கேட்டதும் "ஓவரா பண்றடா" என்று போய்விட்டார்கள். ஒருத்தன் பெட்டி வாங்கிவிட்டான். மெக்கானிக்கல், மூன்றாம் வருடம். 19 நாள் குறித்திருக்கிறான். எக்ஸெல்லில் கிராஃப் போட்டு அனுப்புகிறான். செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போது பெட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறான்.

உருண்டை நலம். அடிவயிற்றுத் திட்டுகள் முழுசாகப் போக 3 சட்டை ஆயிற்று. மூன்றாவது சட்டை பிய்யாமல், கண்மூடி இரண்டும் சேர்ந்து, மூக்கு முதல் மொட்டை வால் வரை ஒரே துண்டாக வந்தது. அத்தை பையன் அதை ஒரு கவரில் போட்டு எனக்குக் கூரியர் செய்தான். என் டிராயரில் இருக்கிறது. மீதி கோகோபீட் ஹவுஸ் ஓனர் வீட்டு ரோஜாத் தொட்டிக்குப் போய்விட்டது.